முதல் ஹாட் ராட்: பிரேக்கில் தொடங்குங்கள், பெயின்ட்டைக் கடைசியில் வையுங்கள்

ஹாட் ராட் என்பது பழைய காரை எடை குறைத்து, வலுவான இன்ஜின் வைத்து, வேகத்துக்காகத் திருத்திக் கட்டிய வண்டி. அமெரிக்காவில் பாதியில் நின்றுபோன ஒன்றை விலைக்கு வாங்குவது ரொம்பச் சுலபம். விற்பனைக்கு வரும் வண்டிகளின் விவரத்தைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே கதைதான்: இன்ஜின் புத்தம் புதுசு, குரோம் பளபளக்கிறது, பெயின்ட்கூட அடித்தாகிவிட்டது, ஆனால் பிரேக் குழாய் போடவில்லை, வயரிங்கைத் தொடவே இல்லை, ஸ்டீயரிங் ராடு எந்த வழியாகப் போகும் என்று யாரும் யோசித்த மாதிரியே தெரியவில்லை. காசு தீர்ந்து நின்ற வண்டிகள் உண்டுதான். வேலையின் வரிசை குழம்பி, செய்ததையே மறுபடி பிரிக்க மனசு வராமல் நின்றவைதான் அதிகம் என்பது என் எண்ணம்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையைப் பற்றியதுதான். எடுத்துக்கொள்ளும் வண்டி முதல் தடவை கட்டுபவர்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுப்பது: 1930–31 ஃபோர்டு மாடல் ஏ கூப் (இரண்டு கதவுக் கார்), அதில் ஸ்மால் பிளாக் செவி 350 இன்ஜின் (செவ்ரோலேவின் 350 கன அங்குல வி-8), டர்போ 350 என்ற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்.

கொஞ்சம் பின்னணி. 1930களில் லாஸ் ஏஞ்சலிஸ் பையன்கள் பழைய ஃபோர்டுகளை மலிவாகப் பிடித்து, மட்கார்டு, பம்பர், கூரை என்று எடை கூட்டும் எல்லாவற்றையும் கழற்றி வீசிவிட்டு, மொஹாவி பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ் மாதிரியான வறண்ட ஏரிப் படுகைகளில் நேர்கோட்டில் விரட்டினார்கள். இவர்களின் கிளப்புகள் சேர்ந்து 1937ல் எஸ்.சி.டி.ஏ. (சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன்) என்ற சங்கத்தை அமைத்தன. போருக்குப் பிறகு, 1949ல், யூட்டாவின் போன்வில் உப்புப் படுகைக்கும் போனார்கள். இந்த ஆட்டத்துக்கு எண்ணெய் ஊற்றியது 1932ல் ஃபோர்டு கொண்டுவந்த பிளாட்ஹெட் வி-8. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன், சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலை. 1955ல் செவ்ரோலே தன் 265 கன அங்குல வி-8ஐ இறக்கியதும் பிளாட்ஹெட்டின் காலம் மெல்ல முடிந்தது. அந்த இன்ஜினின் குடும்பத்தில் 1967ல் வந்ததுதான் 350.

ஒரு விஷயம் இடையில் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு ஊரில் அம்பாசடரை அறுக்கக் கிளம்ப வேண்டாம். இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கச் சாலைக்கான வண்டி.

முதலில் காகிதம், அப்புறம் இரும்பு

மாடல் ஏ 1928 முதல் 1931 வரை 48 லட்சத்துக்கு மேல் தயாரானது. அதனால்தான் இன்றும் உதிரி பாகம் கிடைக்கிறது, புதிதாகவும் செய்து விற்கிறார்கள். வாங்கும்போது துருவைப் பார்ப்பதற்கு முன்னால் டைட்டிலை (உரிமைச் சான்றிதழை) பாருங்கள். இந்த வண்டிகளில் இன்றைய 17 எழுத்து வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்) கிடையாது. தொழிற்சாலையில் இன்ஜினில் அடித்த எண்ணையே சேஸிஸின் இடது பக்க ரெயிலின் (நீளச் சட்டத்தின்) மேல்பக்கத்திலும் அடித்தார்கள். அது பாடிக்கு அடியில், முன் கண்ணாடிக்குக் கீழே வரும் இடத்தில் மறைந்திருக்கும். டைட்டில் பெரும்பாலும் இன்ஜின் எண்ணை வைத்தே எழுதப்பட்டது. 1940லோ 50லோ யாரோ இன்ஜினை மாற்றி, அந்தப் புது எண்ணை டைட்டிலில் ஏற்றியிருந்தால், காகிதத்தில் இருப்பது ஒன்று, சேஸிஸில் இருப்பது வேறொன்று. பாடியைத் தூக்கினால்தான் உண்மை தெரியும். டைட்டிலே இல்லாமல் "ரொம்பச் சுலபமா வாங்கிடலாம்" என்று சொல்லி விற்பவரிடம், அவ்வளவு சுலபம் என்றால் நீங்களே வாங்கிக் கொடுங்கள், இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

புது சேஸிஸ், புது பாடி என்று கட்டினால் கதை வேறு. அந்த மாநிலத்தின் டி.எம்.வி. (வாகனப் பதிவுத் துறை) அதை எப்படிப் பதிவு செய்யும் என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கலிஃபோர்னியாவில் எஸ்.பி. 100 என்ற சட்டப்படி ஆண்டுக்கு 500 வண்டிகளுக்குத்தான் சிறப்புச் சலுகை. அதற்குத் தனிப் போட்டியே நடக்கும். வாங்கிய ஒவ்வொரு பாகத்துக்கும் ரசீதை ஒரு கவரில் போட்டு வையுங்கள், இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் கட்டாயம்.

என்ன வண்டி வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதை மாற்றாதீர்கள்

மட்கார்டு உண்டா இல்லையா, பாடி சேஸிஸ் மேல் உட்காருமா அல்லது சேனலிங் செய்து சேஸிஸைச் சுற்றி இறங்குமா, கூரையை வெட்டித் தாழ்த்தப் போகிறோமா? இந்த மூன்றுக்கும் ஆரம்பத்திலேயே பதில் வேண்டும். சேனலிங் செய்தால் தரை மேலே வரும், உட்காரும் இடம் குறையும், கால் நீட்ட முடியாது. கூரையையும் வெட்டினால் ஆறடி ஆள் உள்ளே உட்கார முடியாது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் கண்காட்சியில் வண்டிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். முதல் வண்டிக்கு என் யோசனை: கூரையைத் தொடாதீர்கள், பாடியைச் சேனல் செய்யாதீர்கள், முன் ஆக்ஸிலில்தான் தாழ்வைக் கொண்டுவாருங்கள்.

சேஸிஸ் விஷயத்திலும் இப்படித்தான். மாடல் ஏ-யின் சேஸிஸ் மெல்லிய சி வடிவச் சட்டம், 40 குதிரைத்திறன் நாலு சிலிண்டருக்குச் செய்தது. அதில் வி-8 வைத்தால் முறுக்கிக்கொள்ளும். உள்பக்கம் தகடு வைத்து அடைத்துப் பெட்டியாக்க வேண்டும், குறுக்குச் சட்டம் புதிதாக வேண்டும். நிறையப் பேர் 1932 ஃபோர்டு வடிவத்தில் புதிதாகச் செய்து விற்கும் சேஸிஸை வாங்கி, அதன் மேல் மாடல் ஏ பாடியை வைக்கிறார்கள். மாடல் ஏ-யின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவிலான நீளம்) 103.5 அங்குலம், 32ன் வீல்பேஸ் 106. அந்த இரண்டரை அங்குலம் இன்ஜினுக்குப் பெரிய உபகாரம். வெல்டிங் இப்போதுதான் கற்கிறீர்கள் என்றால் தயங்காமல் அந்த வழியில் போங்கள். தகரத்தில், பிராக்கெட்டில், தரைத் தகட்டில் பழகுங்கள். ஸ்டீயரிங் பாக்ஸும் ஆக்ஸில் ராடும் பிடிக்கும் இடங்களுக்குக் கை தேர்ந்த வெல்டரைக் கூப்பிடுங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

பழைய சேஸிஸைத்தான் பெட்டியாக்குவேன் என்றால், தகட்டை ஒரே மூச்சில் பற்ற வைக்காதீர்கள். ஒரு அங்குலம் இங்கே, அடுத்தது எதிர்ப்பக்க ரெயிலின் மறுமுனையில், அப்புறம் நடுவில். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் சதுரம். சூடு ஒரு பக்கம் கூடினால் ரெயில் வாழைப்பழமாக வளைந்துவிடும், அதை நிமிர்த்துவது தனி வேலை.

வெல்டிங் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. குளோரின் கலந்த பிரேக் கிளீனரை அடித்துத் துடைத்த இரும்பில், அது நன்றாகக் காயாமல் ஆர்க் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயு வரும். உயிரை எடுக்கக்கூடியது. வெல்டிங் செய்யும் இடத்தில் அந்த டப்பாவே இருக்க வேண்டாம், அசிட்டோன் போதும், அதையும் காயவிட்டுத்தான்.

பாடியைத் தூக்குவதற்கு முன்

கதவுகள் சரியாக மூடுகிற நிலையில், இடைவெளி எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும்போதே, உள்ளே ஒரு அங்குலச் சதுரக் குழாயை வைத்துக் கதவுச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் குறுக்குமாகத் தாங்கு கொடுங்கள். துரு தின்ற கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்த பிறகு கூப்பின் பாடிக்கு எலும்பே கிடையாது. தாங்கு இல்லாமல் தூக்கினால் கதவு இனி ஜென்மத்துக்கும் மூடாது. துரு எங்கே இருக்கும் என்பது பெரும்பாலும் தெரிந்ததே: பாடியின் அடிச்சட்டம், கதவின் அடிப்பக்கம், பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கீழ்மூலை. கூரையின் நடுப்பகுதி இரும்பு அல்ல, துணியும் மரமும். பழைய வேகன் கார்களின் கூரைத் தகட்டை வெட்டி அந்த ஓட்டையை அடைப்பது பழைய பழக்கம்.

மாடல் ஏ-யில் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? முன் கண்ணாடிக்கு நேர் முன்னால், உங்கள் முழங்காலுக்கு மேலே. நீங்கள் வெளியே தொட்டுப் பார்க்கும் அந்தத் தகடே டேங்க்கின் மேல்பகுதி. பெட்ரோல் தன் எடையிலேயே கார்புரேட்டருக்கு இறங்கும், பம்ப் தேவையில்லை. 1928ல் அது புத்திசாலித்தனம். இன்று மடிமேல் பெட்ரோலைத் தாங்கிக்கொண்டு ஹைவேயில் போவதில் எனக்கு உடன்பாடில்லை. டேங்க்கைப் பின்னால், டிக்கியிலோ சேஸிஸ் ரெயில்களுக்கு நடுவிலோ வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் பச்சை இரும்பில் ஒருமுறை பூட்டிப் பாருங்கள்

வழிகாட்டியில் ஒரு பத்தியை மட்டும்தான் படிப்பேன் என்பவர்களுக்கு, இதுதான் அந்தப் பத்தி. பெயின்ட், குரோம், பவுடர் கோட்டிங் எதையும் நினைக்காமல், வண்டி முழுவதையும் வெறும் இரும்பில் கோர்த்துவிடுங்கள். புள்ளி வைத்த (வெல்டிங்கில் ஓரிரு பொட்டு மட்டும் வைத்துப் பிடித்த) பிராக்கெட்டுகள், காலி இன்ஜின் பிளாக், பழைய சீட் என்று எது கிடைத்தாலும் பரவாயில்லை, இடம் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சக்கரத்தில் தொடங்குங்கள். ஓட்டப்போகும் அதே டயர்களை முதலில் வாங்குங்கள், ஏனென்றால் வண்டியின் தோரணையும் எல்லா அளவுகளும் டயரின் உயரத்திலிருந்துதான் வரும். முன்னால் சின்னது, பின்னால் பெரியது என்பது ஹாட் ராடின் அடையாளம்: 165/80-15 டயர் ஏறக்குறைய 25.4 அங்குல உயரம், 235/75-15 ஏறக்குறைய 29 அங்குலம். அப்படி நிற்கும் நிலையில் சேஸிஸை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, அதுதான் இறுதி நிலை என்று பூட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு ஆக்ஸில், இன்ஜின், பாடி, ரேடியேட்டர், ஸ்டீயரிங், பெடல், சீட், சைலன்சர் குழாய், இந்த வரிசை. சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பாருங்கள், கழுத்தைத் திருப்பிப் பாருங்கள், ஸ்டீயரிங் தொடையில் இடிக்கிறதா பாருங்கள். இடிக்கும்.

ஸ்மால் பிளாக் செவியில் டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால் இருக்கிறது. அதனால் இன்ஜினைப் பின்னால் தள்ளத் தள்ள ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில்) குழி வெட்ட வேண்டியிருக்கும். முன்னால் இழுத்தால் ஃபேன் ரேடியேட்டரில் முட்டும். அங்கேதான் பழைய குட்டை வாட்டர் பம்ப் கைகொடுக்கும். 1969 முதல் வந்த நீள பம்ப்பைவிட அது சுமார் ஒன்றேகால் அங்குலம் குட்டை, மாடல் ஏ-யில் ஒன்றேகால் அங்குலம் என்பது சொத்து. ஃபோர்டு பாடியில் செவி இன்ஜினா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் ஃபோர்டு 302 போடட்டும், அதில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் இருப்பதால் ஃபயர்வால் தப்பும்.

இன்ஜினை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதற்கு ஒரு சுலப வழி. கார்புரேட்டர் உட்காரும் மேல்தளம் பொதுவாக இன்ஜினின் பின்பக்கம் 3 டிகிரி தாழும்போது சமமாக இருக்கும்படி செய்யப்பட்டது. அந்தத் தளத்தில் கோணமானியை வைத்து, சேஸிஸ் ஓடும் நிலையில் நிற்கும்போது பூஜ்ஜியம் காட்டினால் இன்ஜின் சரி. பின் ஆக்ஸிலின் பினியன் (புரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் பல்சக்கரம்) அதற்கு இணையாக, மேல்நோக்கி 3 டிகிரி. இரண்டும் இணையாக இல்லாவிட்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உறுமும், எத்தனை பேலன்ஸ் செய்தாலும் போகாது. பின் ஆக்ஸில் பிராக்கெட்டுகளை இந்தக் கோணம் முடிவான பிறகுதான் முழுதாக வெல்டிங் செய்ய வேண்டும்.

பின் ஆக்ஸிலுக்கு ஃபோர்டு 9 அங்குலம் என்று எல்லோரும் சொல்வார்கள், நல்லதுதான். சாதாரண 350க்கு 1970களின் ஃபோர்டு மேவரிக்கில் வந்த 8 அங்குலமே போதும், அகலமும் ஏறக்குறைய பொருந்தும். கிரவுன் பினியன் விகிதத்தில் ஆசைப்படாதீர்கள். 29 அங்குல டயரில் 3.25 விகிதம் போட்டால் மணிக்கு 65 மைலில் இன்ஜின் சுமார் 2450 சுற்று, 4.11 போட்டால் அதே வேகத்தில் 3100. டர்போ 350ல் ஓவர்டிரைவ் கிடையாது. ஹைவேயில் ஒரு மணி நேரம் அந்தச் சத்தத்தில் உட்கார்ந்தால் ஆசை தீர்ந்துவிடும்.

முன் ஆக்ஸில்: அழகும் ஆபத்தும் ஒரே இடத்தில்

மட்கார்டு இல்லாத வண்டியில் முதலில் கண்ணில் படுவது முன் ஆக்ஸில்தான், அதனால் எல்லோருக்கும் 4 அங்குலம் தாழ்த்திய ஐ-பீம் வேண்டும், குறுக்காக ஒற்றை லீஃப் ஸ்பிரிங் வேண்டும். சரி. ஆனால் சில விதிகள் மீற முடியாதவை.

பழைய ஃபோர்டின் விஷ்போன் என்ற வி வடிவ ராடை நடுவில் வெட்டி, இரண்டு முனைகளையும் சேஸிஸின் இரு பக்கமும் பிடிப்பது பழைய முறை. ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது அப்போது ஆக்ஸிலே முறுக்கிக்கொள்ள வேண்டும். ஐ-பீம் கொஞ்சம் முறுக்கும், தாங்கும். குழாய் ஆக்ஸில் முறுக்காது. அதில் இப்படிப் பிடித்தால் பிராக்கெட்டோ ராடோ ஒருநாள் விரிசல் விடும். குழாய் ஆக்ஸில் என்றால் நாலு ராடு அமைப்புதான்.

அடுத்தது ஸ்டீயரிங். பெரும்பாலும் செவ்ரோலே வேகாவின் சின்ன ஸ்டீயரிங் பாக்ஸை இடது ரெயிலில் வைத்து, அங்கிருந்து குறுக்காக வலது சக்கரத்துக்கு ஒரு ராடு ஓடும். குறுக்கு ஸ்பிரிங்கின் இரு முனையும் ஷேக்கிள் என்ற ஆடும் கொக்கிகளில் தொங்குவதால் ஆக்ஸில் பக்கவாட்டில் ஆட இடமிருக்கிறது. வண்டி நிற்கும்போது ஒருவரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, கீழே குனிந்து ஷேக்கிளைப் பாருங்கள்: சக்கரம் திரும்புவதற்கு முன்னால் சேஸிஸே ஒரு பக்கமாக நகரும், அப்புறம்தான் சக்கரம் அசையும். ஓட்டும்போது இது கைக்குத் தாமதமாகத் தெரியும், மேடு பள்ளத்தில் வண்டி தானே திசை மாறும். மருந்து பான்ஹார்டு ராடு. ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்ஸிலில், ஸ்டீயரிங் ராடுக்கு இணையாக, முடிந்தவரை அதே நீளத்தில். "என் வண்டி அது இல்லாமலே ஓடுகிறது" என்று யாராவது சொன்னால் வாதாட வேண்டாம், போட்டுவிடுங்கள்.

கேஸ்டர் 5 முதல் 7 டிகிரி, அதாவது கிங்பின்னின் (முன் சக்கரம் திரும்பும் ஆணியின்) மேல்முனை பின்னால் சாய வேண்டும். பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழ்ந்த தோரணை இந்தக் கோணத்தைத் தின்றுவிடும், அதனால் இறுதி உயரத்தில் நிறுத்தித்தான் அளக்க வேண்டும். டோ-இன் (முன் சக்கரங்களின் முன்முனை உள்நோக்கிச் சேரும் அளவு) ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு முதல் எட்டில் ஒரு பங்கு வரை. ஸ்டீயரிங் ஷாஃப்ட்டில் இரண்டு கிராஸ் ஜாயின்ட் வரை கவலையில்லை. மூன்று வந்தால் நடுவில் ஒரு பேரிங் தாங்கல் இல்லாமல் விடக் கூடாது, ஷாஃப்ட் மடங்கிக்கொள்ளும். சைலன்சர் குழாய் இந்த ஷாஃப்ட்டை உரசாமல் போகிறதா என்பதை இன்ஜின் முறுக்குவிசையில் ஆடும் அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

பிரேக்

மாடல் ஏ-யின் பிரேக் இரும்பு ராடால் இழுக்கும் அமைப்பு. ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்ததே 1939 மாடலில்தான். ஒரு டன் வண்டியில் வி-8 வைத்துவிட்டு அந்த ராடுகளை நம்ப முடியாது, முழுக்க மாற்ற வேண்டும். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்பது சாதாரண ஏற்பாடு.

மாஸ்டர் சிலிண்டர் கட்டாயம் இரட்டைச் சுற்றாக இருக்க வேண்டும்; ஒன்றில் எண்ணெய் போனாலும் மற்றது பிடிக்கும். ஹாட் ராடில் அது தரைக்கு அடியில் உட்காரும், அதாவது சக்கரத்தில் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பருக்குச் சமமாக அல்லது தாழ்வாக. அப்போது பிரேக் எண்ணெய் மெல்லத் திரும்பி மாஸ்டருக்கு வடியும், அடுத்த மிதிக்குப் பெடல் பாதி தூரம் வெறுமனே போகும். இதற்குத்தான் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கும் ரெசிடுவல் வால்வு: டிஸ்க் வரிசையில் 2 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), டிரம் வரிசையில் 10 பி.எஸ்.ஐ. மாற்றிப் போட்டால் டிஸ்க் பிடித்துக்கொண்டே ஓடிச் சூடேறும். பின் வரிசையில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க, திருகி மாற்றக்கூடிய புரொப்போர்ஷனிங் வால்வு ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் பின் சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுழலும்.

பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைக் கூட்டும் கருவி) இல்லாத பெடலுக்கு 6க்கு 1 விகிதம் வேண்டும். சுழலும் ஆணியிலிருந்து பாதம் படும் இடம் வரை 12 அங்குலம் என்றால், ஆணியிலிருந்து தள்ளு ராடு வரை 2 அங்குலம். கால் வைக்கும் இடம் குறுகல் என்று பெடலைக் குட்டையாக்கி, அதற்கு ஈடாகப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் போடுகிறவர்கள் உண்டு. பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது.

குழாய் எஃகு அல்லது நிக்கல் தாமிரக் கலவை. வெறும் தாமிரக் குழாய் கூடாது, அழுத்தி மாட்டும் கம்ப்ரெஷன் இணைப்பும் கூடாது. கார் குழாய் முனை 45 டிகிரி இரட்டை ஃபிளேர் (இரண்டு மடிப்பாக விரித்த வாய்). ரேஸ் கார்க் கடையில் விற்பது 37 டிகிரி. இரண்டும் கை இறுக்கத்தில் பொருந்துவது மாதிரியே இருக்கும், அழுத்தம் வந்ததும் கசியும். முடிந்ததும் ஒரு ஆளைப் பெடலை முழு பலத்தோடு மிதித்துப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிப் பாருங்கள். ஈரம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காகிதத்தில் தெரியும்.

வயரிங், குளிர்ச்சி

மாடல் ஏ 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். அதில் எதையும் மிச்சம் வைக்காதீர்கள். ஒவ்வொரு வயரிலும் பெயர் அச்சிட்ட தயார் ஹார்னஸ் (வயர் கட்டு) வாங்கி 12 வோல்ட்டாகப் போடுங்கள். சம்பந்தமே இல்லாத விளக்கு மங்குவது, இண்டிகேட்டர் போட்டால் ஹார்ன் முனகுவது இதெல்லாம் பத்தில் எட்டு எர்த் கோளாறு. பேட்டரியிலிருந்து சேஸிஸுக்கு, சேஸிஸிலிருந்து இன்ஜினுக்கு, இன்ஜினிலிருந்து பாடிக்கு என்று மூன்றும் தடிமனான கேபிளில், பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் பிடிக்க வேண்டும். பேட்டரி டிக்கியில் என்றால் கேபிளை இன்னும் தடிமனாக எடுங்கள், தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம். எலெக்ட்ரிக் ஃபேனை ஸ்விட்சில் நேராக இணைக்காதீர்கள், ரிலே வேண்டும்.

ஹாட் ராடு சூடாவதற்கு ரேடியேட்டர் சிறியது என்பதைத்தான் காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் குறை ஷ்ரௌடில் (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரை மூடும் கூடு): அது இல்லாவிட்டால் ஃபேன் தன் எதிரே இருக்கும் வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். ஷ்ரௌடின் விளிம்பில் ஃபேன் இறக்கை பாதி உள்ளே, பாதி வெளியே நிற்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்

வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ரோலர் வகை என்றால் பெரிய சடங்கு இல்லை. ரோலர் இல்லாத பழைய ஃபிளாட் டாப்பெட் வகைக் கேம் புதிதாகப் போட்டிருந்தால் முதல் 20 நிமிடம் கேமின் ஆயுளை முடிவு செய்யும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டிரில்லால் ஆயில் பம்ப்பைச் சுற்றி, வால்வு பக்கம் எண்ணெய் வருகிறவரை விடுங்கள். துத்தநாகம் சேர்த்த ஆயில் ஊற்றுங்கள். டைமிங்கையும் பெட்ரோலையும் முன்பே சரி செய்து, பற்றியதும் 2000–2500 சுற்றில் 20 நிமிடம் வையுங்கள், ஐடிலில் விடக் கூடாது. ஐடிலில் கேமுக்குத் தெறிக்கும் எண்ணெய் போதாது. ஃபயரிங் வரிசை (சிலிண்டர்கள் பற்றும் வரிசை) 1-8-4-3-6-5-7-2, மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒவ்வொரு பிளக் வயரிலும் ஒட்டிவிடுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுவதும் நல்லது, முதல் சத்தம் தெருவையே எழுப்பும்.

பெயின்ட் இல்லாமல் ஓட்டுங்கள்

எபாக்ஸி பிரைமர் ஒரு கோட், துருப் பிடிக்காமலிருக்க. அவ்வளவோடு பதிவு, இன்ஷூரன்ஸ் முடித்து 500 மைலாவது ஓட்டுங்கள். இன்ஷூரன்ஸில் வண்டியின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வகை வேண்டும், சாதாரண பாலிசி இதைத் தொண்ணூறு வயதுப் பழைய ஃபோர்டாகத்தான் பார்க்கும்.

முதல் 5 மைலுக்குப் பிறகு ஆக்ஸில், ஸ்டீயரிங், சக்கர நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். 50 மைலில் இன்னொருமுறை. முறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் பெயின்ட் பேனாவால் நட்டையும் போல்ட்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டால், அடுத்த தடவை ஸ்பேனர் இல்லாமலே, டார்ச் அடித்துப் பார்த்தாலே தளர்ந்தது தெரியும். ஸ்டீயரிங் மூட்டுகளில் காட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் பிளவு ஊசி) போடாமல் கேரேஜ் வாசலைத் தாண்டாதீர்கள்.

இந்த ஓட்டத்தில்தான் குறைகள் வரும். கதவு இடைவெளி ஒரு பக்கம் திறக்கும். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் மெல்லிய தகடு கொடுத்துச் சரி செய்யலாம். சைலன்சர் தரையில் தட்டும், ஒரு பிராக்கெட் விரிசல் விடும், தரைத் தகடு உங்கள் காலைச் சுடும். வெட்டுவதும் துளைப்பதும் ஒட்டுவதும் எல்லாம் இப்போது பத்து நிமிட வேலை. பளபளக்கும் பெயின்ட்டின் மேல் இதே வேலையைச் செய்யச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள், பெரும்பாலும் வண்டியை விற்கத்தான் பார்ப்பார்கள்.

அப்புறம் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஜிப் பை, அதில் போல்ட்டோடு ஒரு துண்டுச் சீட்டு, பிரிக்கும் முன் போனில் படம். புள்ளி வைத்ததெல்லாம் முழு வெல்டிங் ஆகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே சேஸிஸ் பெயின்ட்டுக்குப் போகட்டும். பாடி பெயின்ட்டை நீங்களே அடிப்பதானால், ஹார்ட்னர் கலந்த யூரெத்தேன் பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. கடையில் விற்கும் துணி முகமூடி அதற்கு ஆகாது, வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லையென்றால் பட்டி பார்ப்பது, தேய்ப்பது வரை நீங்கள் செய்துவிட்டு, ஸ்பிரே வேலையை மட்டும் பெயின்ட் பூத் உள்ள கடையில் கொடுங்கள். தேய்க்கும் வேலைக்குத்தான் கூலி அதிகம், அதை மிச்சம் பிடித்தாலே பெரிய தொகை.